குடலிறக்கம் என்று சொல்லிவைத்தவள்

சலவைக்கடை மருமகளுக்குக் கோபம் சட்டென்று வராது. வந்தால் லேசில் போகவும் போகாது. விடுதிகளிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் படுக்கை விரிப்புகளை அலசி, சொட்டச் சொட்ட வாளியில் போட்டு, மொட்டைமாடிக்குச் சுமந்துபோய் உலர்த்துவது அவள் வேலை. இரண்டாவது பெண்ணைப் பெற்ற பச்சை உடம்பு ஆறுவதற்குள் மாமியார் வாளியை அவள் கையில் கொடுத்துவிட்டாள். "மறுபடியும் பொண்ணுதானே பெத்த? இதுக்கு எதுக்கு ஓய்வு?"

அந்த வாளிதான் வினை. கர்ப்பப்பை அடியிறங்கி, நின்றால் கனத்தது, உட்கார்ந்தால் உறுத்தியது. அந்த வீட்டிலோ அந்த இடத்துக்கெல்லாம் யார் வாயிலும் பெயரே கிடையாது. சொல்லக் கூசி, புருஷனிடம் "குடலிறக்கம்" என்று சொல்லிவைத்தாள். அந்த மகராசன் கடைக்குப் போய் இடுப்புப் பட்டை ஒன்று வாங்கிவந்து, மூச்சு முட்ட இறுக்கிக் கட்டிவிட்டான். மேலே இறுக்க இறுக்கக் கீழே இன்னும் பிதுங்கியது. "அதான் பட்டை போட்டாச்சே, தாராளமாத் தூக்கு" என்றாள் மாமியார். பாவிகள்! வருஷக்கணக்கில் தூக்கினாள்.

கடைசியில் சிறுநீர் அடைத்துக்கொண்டு துடித்தபோதுதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். பெண்கள் வார்டு என்றதும் புருஷன் வராந்தாவோடு நின்றுகொண்டான். மாமியார் தலையை மட்டும் உள்ளே நீட்டி, "சீக்கிரம் சரிபண்ணி அனுப்புங்கம்மா, அடுத்தது பையனாப் பொறக்கணும்" என்றாள். டாக்டரம்மா விளக்க வாயெடுத்ததும், காதைப் பொத்தாத குறையாக நழுவிவிட்டாள்.

"ரெண்டு வழி இருக்கும்மா. கர்ப்பப்பையை மேலே ஏத்தித் தைச்சு நிறுத்தலாம். இனிமே குழந்தை வேணாம்னா அதை எடுத்துட்டு, தளர்ந்த சதையைச் சேர்த்துத் தைக்கலாம். வெளியில இருக்கறவங்களோட பேசிட்டுச் சொல்றீங்களா?"

தன் உடம்பைச் சீரழித்த இரண்டு பேரும் வராந்தாவில் பேரனுக்குப் பெயர் யோசித்துக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்ததும் அவளுக்கு வயிறெரிந்தது.

"எடுத்துடுங்க டாக்டர்."

"நல்லா யோசிச்சீங்களா?"

"ஒவ்வொரு வாளிக்கும் யோசிச்சேன்."

வீடு திரும்பியவளுக்கு நடந்த உபசாரத்தைப் பார்க்கணுமே! கனம் தூக்கக் கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்ததால் மாமியாரே வாளியோடு மாடி ஏறினாள். பேரன் ஆசை படுத்திய பாடு. மருமகள் பழரசத்தைக் குடித்துக்கொண்டு வாயைத் திறக்கவில்லை. என்ன ஆபரேஷன் என்று கேட்டால்தானே சொல்வதற்கு? கேட்க வெட்கம் விட்டால்தானே அவர்களுக்கு! புண் ஆற ஆற அவளுக்குள் ஒரு குளுமை பரவியது.

ஒருநாள் படியில் மூச்சிரைக்க உட்கார்ந்த மாமியார், "உடம்புதான் தேறிடுச்சே, இனியும் தள்ளிப்போடாதே. காலாகாலத்துல ஒரு பேரனைப் பெத்துக் குடு" என்றாள்.

"அது நடக்காது அத்தை."

"ஏன்டி?"

"கர்ப்பப்பையை எடுத்துட்டாங்க." கடைக்குள் துணி தேய்த்துக்கொண்டிருந்த புருஷனுக்கும் கேட்கட்டும் என்று உரக்கவே சொன்னாள். உள்ளே இஸ்திரிப்பெட்டிச் சத்தம் நின்றது.

"அடிப்பாவி! யாரைக் கேட்டு எடுத்தாங்க?"

"என்னைக் கேட்டாங்க."