விக்கெட் எடுத்த கீப்பர்

கல்யாணமாகிப் போகிற பெண் அம்மா வீட்டில் விட்டுப் போகும் பொருள் எத்தனை வருஷம் வரை அவளுடையது? பட்டுப்புடவை, பாத்திரம் என்றால் சண்டை போட்டாவது கேட்கலாம். நான் விட்டு வந்தது பபுள்கம்மோடு வந்த கிரிக்கெட் அட்டைகள். கேட்டால் சிரிப்பார்கள். கேட்காமல் இருந்தால் எனக்கு மனம் ஆறாது.

அம்மா வீடு கேரள எல்லைக்குள், கொழிஞ்சாம்பாறையில். அங்கே என் தம்பியும் அவன் மனைவியும் அவர்களுடைய மகளும் இருக்கிறார்கள். நான் கணவரோடும் ஏழு வயது மகளோடும் கஞ்சிக்கோட்டில் வாடகை வீட்டில் இருக்கிறேன். பஸ்ஸில் போய் வரும் தூரம்தான்.

அந்த அட்டைகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியவை. மஞ்சள் ஓரம், ஊதாப் பின்னணி, நடுவில் கத்தரித்து ஒட்டியது போல ஓர் ஆட்டக்காரர். சிவப்பு மை எப்போதும் ஒரு நூல் விலகியிருக்கும். அதனால் எல்லோருக்கும் உதடு கன்னத்துப் பக்கம் போயிருக்கும். மஞ்சள் ஓரம் ஒரு பக்கம் தடித்தும் ஒரு பக்கம் மெலிந்தும் இருக்கும். மேலே ஒரு வட்டத்தில் எண். பின்பக்கம் ரன், கேட்ச், விக்கெட் என்று கட்டங்கள். முகர்ந்தால் மிட்டாய் மாவு வாசனை.

எங்கள் ஊர்க் கடையில் வாங்கினால் பின்பக்கம் மலையாளத்தில் இருக்கும். அம்மா பொள்ளாச்சிக்குத் துணி எடுக்கப் போய் வாங்கி வந்தால் அதே படம், பின்பக்கம் தமிழ். நான் தமிழ் மீடியம். தம்பியை, நாளை அரசாங்க வேலைக்கு ஆகும் என்று மலையாளம் மீடியத்தில் போட்டிருந்தார்கள். அதனால் எங்களுக்குள் ஒரு சட்டம்: பாக்கெட்டை யார் பிரித்தாலும் சரி, தமிழ் முதுகு எனக்கு, மலையாள முதுகு அவனுக்கு.

ஒன்று முதல் நாற்பது வரை எனக்கு எல்லாம் சேர்ந்தது, இருபத்து மூன்றைத் தவிர. இருபத்து மூன்று விக்கெட் கீப்பர். பச்சைக் கையுறை போட்டுக் குத்தவைத்து உட்கார்ந்திருப்பார். எத்தனை பொள்ளாச்சிப் பாக்கெட் பிரித்தும் அவர் வரவில்லை. தம்பி ஒரு நாள் முக்குக் கடையில் ஒரே ஒரு பாக்கெட் வாங்கினான். கடை வாசலிலேயே பிரித்தான். கீப்பர் வந்தார், மலையாள முதுகோடு.

இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள் அவன் பள்ளியிலிருந்து வருவதற்குள் அதை எடுத்துத் தண்ணீரில் ஊறவைத்தேன். அட்டை இரண்டு தாளாகப் பிரிந்து வந்தது. என்னிடம் இரண்டு இருந்த ஒரு வேகப்பந்து வீச்சாளரின் தமிழ் முதுகை உரித்து, கீப்பருக்குப் பின்னால் சோற்றுப் பசையால் ஒட்டினேன். காய்ந்ததும் கொஞ்சம் தடித்திருந்தது. ஆனால் சட்டப்படி என்னுடையது. போட்டோ ஸ்டுடியோவில் கொடுக்கும் பிளாஸ்டிக் ஆல்பத்தில் வேறோர் அட்டைக்குப் பின்னால் சொருகி வைத்தேன். தம்பி அழுதுகொண்டு தேடினான். நானும் கட்டிலுக்கு அடியில் புகுந்து அவனோடு சேர்ந்து தேடினேன்.

இந்த மே மாத லீவில் மகளைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனேன். தம்பி வேலைக்குப் போயிருந்தான். அவன் மனைவி ஓடி வந்து பையை வாங்கிக்கொண்டாள்.

"ஏனுங்கண்ணி, இந்த வெயில்ல பஸ்லயா வந்தீங்க? ஒரு போன் பண்ணீருந்தா நான் வண்டி எடுத்துட்டு வந்திருப்பேனுங்களே."

அவளுக்கு ஸ்கூட்டர் ஓட்டத் தெரியும். கடைத்தெருவில் ஒரு போட்டோஸ்டாட் கடையில் வேலை பார்க்கிறாள். வீட்டில் ஒரு தோசையை அரை மணி நேரம் மெல்லும் என் மகள், அவள் கையால் மூன்று தோசை சாப்பிட்டாள். அம்மா வேறு, "அவ ஊட்டுனா எந்தக் கொழந்தையும் திங்கும்" என்றாள். பொறாமை என்றே எழுதிவிடுகிறேன். வேறு நல்ல சொல் தேடினேன், கிடைக்கவில்லை.

கை கழுவிவிட்டு வந்தபோது இரண்டு குழந்தைகளும் தரையில் உட்கார்ந்து எதையோ விளையாடிக்கொண்டிருந்தார்கள். சாவிக்கொத்து வளையத்தில் கோத்த, பளபளவென்ற அட்டைகள். ஊதா நிறத்தைப் பார்த்ததும் கிட்டே போய்க் குனிந்தேன்.

"பரண்ல கெடந்துச்சுங்கண்ணி. கரையான் புடிக்கறதுக்குள்ள எடுத்துட்டேன். கடையில ஆளில்லாத நேரமாப் பாத்து எல்லாத்தையும் லேமினேட் பண்ணிப்போட்டேன். ஓரமெல்லாம் கோணலா இருந்துச்சு, ஒரே சீரா வெட்டீட்டேனுங்க. நல்லாருக்குதுங்களா?"

மஞ்சள் ஓரம் ஒன்றில்கூட இல்லை. மூலையில் ஓட்டை.

"நல்லாத்தான் இருக்குது" என்றேன்.

"அம்மா, இதெல்லாம் நீ சேத்ததாமே? ஏன் எங்கிட்டச் சொல்லவே இல்ல?" என்றாள் மகள். "அத்தைதான் காட்டுனாங்க."

நான்தான் காட்டியிருக்க வேண்டும். கிழித்துவிடுவாள், தொலைத்துவிடுவாள், இன்னும் கொஞ்சம் பெரியவளாகட்டும் என்று தள்ளிப்போட்டேன். அந்தச் சந்தோஷத்தை அவள் அத்தை கொடுத்துவிட்டாள்.

பின்பக்கக் கணக்கு யாருக்குப் பெரியதோ அவருக்கு ஜெயம் என்பது அவர்கள் ஆட்டம். "விக்கெட்!" என்று கத்தினாள் தம்பி மகள். "என்ற கீப்பருக்கு எரநூத்திச் சொச்சம்! நீ அவுட்டு!"

"கீப்பர் எப்பிடி விக்கெட் எடுப்பாரு? புளுகு!"

"அட்டையிலயே போட்டிருக்குது, பாரு! இது மேஜிக் கீப்பர்!"

இருபத்து மூன்று. பச்சைக் கையுறை. பின்னால் பந்து வீச்சாளரின் கணக்கு. பிளாஸ்டிக்குக்குள் என் சோற்றுப் பசை பழுப்பாகத் திட்டுத் திட்டாகத் தெரிந்தது.

"அது ஒண்ணு மட்டும் கட்டியா இருந்துச்சுங்கண்ணி," என்றாள் தம்பி மனைவி. "மெஷின்ல சிக்கி, ரெண்டு தடவ விட்டேன். வேற ஒண்ணுக்குப் பின்னால ஒளிஞ்சு கெடந்துச்சு. அச்சடிச்சவன் தூங்கீட்டானாட்ட இருக்குது."

"இருக்கும்."

"உங்க தம்பி இன்னும் பாக்கலைங்க. சின்னதுல அவருகிட்ட ஒரு கீப்பர் அட்ட இருந்து காணாமப் போயிருச்சாமா. இன்னிக்கும் சொல்லீட்டே இருப்பாரு. இந்த ஞாயித்துக்கெழமை லீவுல காட்டோணும்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவளுக்குத் தெரிந்துதான் சிரித்தாளா, சும்மா சிரித்தாளா என்று அதற்குப் பிறகு எத்தனையோ முறை யோசித்துவிட்டேன். தெரிந்திருந்தால் என்னை ஏன் விட்டு வைத்தாள்? தெரியாது என்றால், அவள் அவ்வளவு நல்லவளா? இரண்டுமே எனக்குப் பிடிக்கவில்லை.

கிளம்பும்போது அவள் எங்களுக்காக மாங்காய் பறிக்கக் கொல்லைக்குப் போனாள். குழந்தைகளும் பின்னால் ஓடினார்கள். நான் வளையத்தைத் திறந்து கீப்பரைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சின்ன வயதிலும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன் என்று நினைக்கிறேன்.

மறுநாள் சாயங்காலம் அவளிடமிருந்து வாய்ஸ் மெசேஜ் வந்தது. கணவர் பக்கத்தில் காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணி, அந்த மேஜிக் கீப்பர் மட்டும் காணமுங்க. பாப்பா தெரியாம பையில போட்டுட்டாளான்னு பாருங்க. திட்டிப்போடாதீங்க, கொழந்ததானுங்களே."

கணவர் மகளைக் கூப்பிட்டார். "எடுத்தியா கண்ணு? எடுத்திருந்தாச் சொல்லு, குடுத்தர்லாம். அப்பா ஒண்ணும் சொல்லமாட்டேன்."

"நான் எடுக்கலப்பா."

அவர் நம்பவில்லை என்று முகத்தில் தெரிந்தது. அவள் என்னைப் பார்த்தாள். "நான் எடுக்கலன்னு நீ சொல்லும்மா."

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். கைப்பை கதவுக்குப் பின்னால்தான் தொங்கியது. "சரி, தேடிப் பாக்கலாம்" என்று சொல்லிக் குனிந்து கட்டிலுக்கு அடியில் புகுந்தேன். மகளும் பக்கத்தில் வந்து படுத்து, அழுதுகொண்டே தேடினாள். தன்னை அறியாமல் எடுத்துவிட்டோமோ என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது என்று நினைக்கிறேன். அன்றிலிருந்து தினமும், அம்மா வீட்டுக்குக் கொண்டுபோயிருந்த தன் ஸ்கூல் பையைக் கொட்டிப் பார்க்கிறாள்.

இன்று வெள்ளிக்கிழமை. மகளிடம் இன்றே சொல்லிவிடுவது என்று இதை எழுத உட்கார்ந்தபோது முடிவு செய்தேன். அதற்கு யாரையும் கேட்கத் தேவையில்லை, பயமாக இருந்தாலும். ஆனால் தம்பி விஷயத்தில் எனக்குப் புத்தி ஓடவில்லை. ஞாயிற்றுக்கிழமை அட்டையை அவன் கையில் கொடுக்க நினைக்கிறேன், அவன் மனைவி கையில் அல்ல. இது நியாயமா, அல்லது அந்தப் பழைய குணம்தானா? அவள் இருக்கும்போது சொல்வதா, தனியாகக் கூப்பிட்டுச் சொல்வதா? உங்களில் யாராவது, கூடப் பிறந்தவனிடம் இத்தனை வருஷம் கழித்து இப்படி ஒன்றைச் சொல்லியிருந்தால், எந்த வார்த்தையில் தொடங்கினீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். தொடங்கிவிட்டால் மீதியைச் சொல்லிவிடுவேன் என்று தோன்றுகிறது.