யுகாதிக்கும் ஏப்ரலுக்கும் நடுவே

ஏப்ரல், மே இரண்டு மாதம்தான் ஜெபசீலிக்கு உடம்பில் உயிர் இருப்பதே தெரியும். தளியிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து ஓசூருக்கு ஓடிவருவாள். வியாபாரிகளுக்கு விற்பனை வரிக் கணக்கு எழுதித் தரும் ராமப்பன் ஆபீசில் வருட ரிட்டன் பாரம் நிரப்புகிற வேலை. கன்னட நோட்டைப் படிக்கத் தெரிந்தவள் என்று எடுத்துக்கொண்டார். முதல் வருடம் கோடு போட்டாள், கூட்டல் சரிபார்த்தாள். இரண்டாம் வருடம் பாரத்தைத் தானே நிரப்பினாள். மே முடிந்தால் வீடு. மிச்சம் பத்து மாதம் என்ன செய்வது? அம்மா மாப்பிள்ளைப் பேச்சை எடுப்பாள். இவள் எழுந்து வாசலுக்குப் போவாள். அங்கேயும் கால் நிற்காது, உள்ளே வருவாள். அந்த வீட்டில் அவளுக்கு மூச்சு முட்டியது.

1969, மூன்றாவது சீசன். "இதை நல்லபடியா முடிச்சுக் குடு. ஜூன்லேர்ந்து உனக்கு வருசம் பூரா வேலை" என்றார் ராமப்பன். அன்றிலிருந்து ஒவ்வொரு கூட்டலையும் அவள் இரண்டு தரம் சரிபார்த்தாள்.

கடைசித் தேதிக்கு நாலு நாள் இருக்கையில் புளி மண்டி சென்னப்பன் கொண்டுவந்த நோட்டைப் பிரித்தாள். மார்ச் பதினெட்டோடு முடிந்திருந்தது. மறுநாள் யுகாதி, யுகாதிக்குத்தான் அவர் புது நோட்டுக்குப் பூஜை போடுவார். சர்க்கார் வருடமோ மார்ச் முப்பத்தொன்றுவரை. நடுவில் பதிமூன்று நாள், அதுவும் புளி குவிகிற நேரம்.

"புது நோட்டையும் கொண்டாங்கண்ணா."

"அது அடுத்த வருசத்துதும்மா" என்று சென்னப்பன் வெற்றிலையை மடித்தார்.

அடுத்த வருடம் சேர்த்துவிடுவார்கள் போலிருக்கிறது என்று மனதைத் தேற்றிப் பார்த்தாள். தேறவில்லை. அவருடைய பழைய பைலை எடுத்தாள். 1966-லும் யுகாதி மார்ச்சில்தான் வந்திருந்தது. அந்த வருடக் கணக்கு யுகாதிக்கு முந்தின நாளோடு நின்றிருந்தது. அடுத்தது ஏப்ரல் ஒன்றில் தொடங்கியது. நடுவில் ஒன்பது நாள் வியாபாரம் எதிலும் இல்லை. இரண்டு பாரத்தையும் நிரப்பியிருந்தது ராமப்பன் கை.

"சார், இந்தப் பதிமூணு நாளு எந்த வருசத்துலயும் வராமப் போயிடுங்களே."

அவர் கோபப்பட்டிருந்தாலாவது தேவலை.

"இதுவரைக்கும் இருந்தவங்க யாரும் கண்டுபிடிக்கல, நீ கண்டுபிடிச்சுட்ட. பேனா உங்கிட்டதான் இருக்குது. சேக்கணும்னா சேத்துக்க, நான் தடுக்கல. ஜூனுக்கு வேற ஆள் பாத்துக்கறேன்." சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

வரித் திருட்டு என்று அவளுக்குத் தெரியாமலில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் எந்த முகத்தோடு முழந்தாளிடுவது என்று யோசித்தாள். அந்தப் பத்து மாதத்தையும் யோசித்தாள். உட்கார்ந்தாள், எழுந்தாள், ஜன்னல்வரை போய்த் திரும்பினாள். பிறகு பதினெட்டாம் தேதிவரை கூட்டி எழுதினாள். எழுதி முடித்ததும் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

ஜூன் இரண்டு, திங்கட்கிழமை. அவளுக்கென்று ஒரு மேஜை, பூட்டுப் போட்ட டிராயர். ஊரில் அம்மா பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். ஜெபசீலிக்குத்தான் நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை. டிராயரை நாலு தரம் திறந்து மூடினாள்.

பத்து மணிக்கு சென்னப்பன் வந்தார். கூடவே ஆளுக்கொரு துணிப்பையோடு இரண்டு புது வியாபாரிகள்.

"இவங்களும் யுகாதிக் கணக்குத்தாம்மா. இனிமே இங்கயே குடுக்கறாங்களாம். நான்தான் சொல்லிக் கூட்டியாந்தேன், அங்க ஜெபசீலின்னு ஒரு பொண்ணு இருக்குது, நம்பிக் குடுக்கலாம்னு."

அவளைப் பற்றி வெளியாள் ஒருவர் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை அது.

"உக்காருங்க" என்றாள்.