கோர்ஸ் பேசுகிறவனின் ரத்தக் கொதிப்பு

தேங்காயைத் தட்டிப் பார்த்து வாங்கலாம். காலேஜ் சீட்டைத் தட்டிப் பார்க்க முடியாது என்பதால் ஜனங்கள் ஏஜென்ட்டின் தலையைத் தட்டிப் பார்க்கிறார்கள்.

அந்தத் தலை என்னுடையது. கோத்தகிரி பஜாரில் அட்மிஷன் ஏஜென்ட். மலைப் பிள்ளைகளுக்குக் கீழே கோயம்புத்தூரில் சீட் பேசி, ஃபீஸைக் குறைத்து, ஹாஸ்டலில் கொண்டுபோய் விடுவது வேலை. நான் பத்தாவது ஃபெயில். பேரம் கற்றது மேட்டுப்பாளையம் மண்டியில், கேரட் மூட்டைக்கு முன்னால் நின்று ஏமாந்து ஏமாந்து. பிளஸ் டூ முடித்த பிள்ளையை வீட்டில் வைத்திருக்கும் உங்களுக்கு நான் சொல்வது புரியும்.

காலை ஷிஃப்ட்

கட்டபெட்டிலிருந்து ஒரு தேயிலை விவசாயி மகனோடு வந்தார். பையனுக்கு சரித்திரம், அப்பாவுக்கு கம்ப்யூட்டர். என் மேஜையைத் தட்டித் தட்டியே சண்டை போட்டார்கள். ஊட்டியில் ஒரு காலேஜில் விசாரித்துவிட்டு, இரண்டும் மத்தியான ஷிஃப்ட் என்றேன். சண்டை சட்டென்று நின்றது. "காலையில என்னங்க இருக்கு?" "எகனாமிக்ஸ்." "அதுல என்ன சொல்லித் தருவாங்க?" "எனக்கெப்படிங்க தெரியும்?" அப்பனும் மகனும் ஒரே நேரத்தில் தலையாட்டினார்கள், அதையே போடுங்கள் என்று.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏனுங்க, இதுக்கா இவ்வளவு நேரம் கத்துனீங்க என்று எகிறினேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "பொழுது சாஞ்சப்புறம் பஸ்ஸை விட்டு எறங்கி எங்க ஊட்டுக்கு நடந்து பாருங்க. வழியில காட்டெருமை நிக்கும். அதுகிட்டப் போய், எனக்கு சரித்திரத்துல ஆர்வம்னு சொல்ல முடியுமுங்களா?"

மண்ணைப் படிக்கிறேன் என்றவள்

இந்த வருஷம் என் தூக்கத்தைக் கெடுத்தது ஜெனிஃபர். அப்பா அந்தோணி எஸ்டேட் ஃபேக்டரியில் வேலை. அம்மா செலின் கொழுந்து பறிப்பவர். குடியிருப்பது எஸ்டேட் லைன் வீடு. அந்தோணி வருகிற மார்ச்சில் ரிட்டையர். முட்டி தேய்ந்துபோன செலினும் அதோடு நின்றுவிடுவதாக முடிவு. குடும்பத்தில் ஒருவராவது எஸ்டேட்டில் வேலை செய்யாவிட்டால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். மேனேஜர் ஒரு வழி சொல்லியிருந்தார்: பெண் பி.காம் சேர்ந்தால், முடித்ததும் எஸ்டேட் ஆபீஸில் வேலை. அதுவரை வீட்டில் இருந்துகொள்ளலாம்.

பெண்ணோ ஜியாக்ரபி தவிர வேறெதுவும் படிக்கமாட்டேன் என்கிறது. போன மழையில் அவர்கள் லைனுக்குப் பின்னால் மேடு சரிந்து, பக்கத்து வீட்டுச் சமையல்கட்டு மண்ணுக்குள் போய்விட்டது. எந்த மேடு எப்போது சரியும் என்று படிக்கணுமாம். மேப் போடத் தெரிந்தால் வேலை இருக்கிறதாம். "வீடு போனா மேப்பை விரிச்சு அதுக்கு மேலயா படுப்பே?" என்று நான் கத்தினேன். அவள் பதிலுக்குக் கத்தவில்லை. "பி.காம் படிச்சு அந்த வீட்டைக் காப்பாத்திடலாம் அங்கிள். மேடு வந்து வீட்டைக் கேட்டா என்ன சொல்றது?"

கேன்டீன்

சரி, இரண்டையும் கேட்டு வைப்போம் என்று கோயம்புத்தூர் இறங்கினேன். எனக்குப் பழக்கமான காலேஜ் ஒன்றில் அட்மிஷன் ஆபீசர், டை கட்டிய தம்பி, பி.காமிலேயே ஏழெட்டு தினுசு எடுத்துப் போட்டார், புடவைக் கடை மாதிரி. எல்லாவற்றின் வாலிலும் ஏ.ஐ. தொங்கியது. நடுவில் கேன்டீனில் டீ குடித்துவிட்டு வந்து, மெஸ் ஃபீஸைக் குறைக்கச் சொல்லி ஒரு மணி நேரம் மல்லுக்கட்டினேன். குறைத்தார். அந்தச் சூட்டோடு ஜியாக்ரபிக்கும் இதே கணக்குதானே என்றேன். தம்பி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்: "ஜியாக்ரபியா? அந்த டிபார்ட்மென்ட்லதான் சார் இப்ப நீங்க டீ குடிச்சீங்க."

வேறு இரண்டு காலேஜ் ஏறி இறங்கி, மூன்றாவதில் ஒரு ஜியாக்ரபி சீட்டைப் பிடித்தேன். வெள்ளிக்கிழமைக்குள் சேராவிட்டால் வேறு ஆளுக்கு.

பிடித்ததைப் படிக்க வேண்டாம்

அந்த வாரமே அரவேணுவிலிருந்து ஒரு தையல் கடைக்காரம்மா மகனை இழுத்து வந்தார். பையனுக்கு எது பிடிக்கும் என்று கேட்டேன். கித்தார், ஜிம், கேமரா என்று அடுக்கினான். அம்மா கையெடுத்துக் கும்பிட்டார்: "இவனுக்குப் பிடிச்சது எதுவும் வேண்டாமுங்க. பிடிச்சதையெல்லாம் ரெண்டே மாசத்துல உட்டுருவான். பிடிக்காத கோர்ஸா ஒண்ணு பாருங்க, அதுலயாவது நெலைக்கிறானான்னு பாக்கலாம்."

வியாழக்கிழமை

சீட்டுக்குக் கடைசி நாளுக்கு முந்தின நாள் ஜெனிஃபர் வீட்டு மூவரும் வந்தார்கள். அந்தோணி பி.காம் என்றார். ஜெனிஃபர் அழுதாள். நான் இருவரையும் ஒரே மூச்சில் திட்டினேன்: இவளுக்குப் புத்தியில்லை, இவருக்கு மனசில்லை, எனக்கு வேறு பிழைப்பில்லை.

செலின் எழுந்தார். "நான் வேலையை விட்டு நிக்கல. வீட்டை என் பேருக்கு மாத்திக் கேளுங்க. இன்னும் அஞ்சு வருஷம் சர்வீஸ் இருக்கு." அந்தோணி பதறினார்: "உன் முட்டி?" "முட்டி எனக்குத்தானே வலிக்குது."

செலினையும் கூட்டிக்கொண்டு நேரே மேனேஜரிடம் போனேன். கொழுந்து பறிக்க ஆளில்லாமல் வெளி மாநிலத்திலிருந்து ஆட்களைக் கூட்டி வருகிற நேரம். அதைச் சொல்லியே பேசினேன். வீட்டோடு, அவர் கொழுந்து பறிக்கச் செங்குத்தான சரிவில்லாத தேயிலைக் காடும் வேண்டும் என்று கேட்டு வாங்கினேன். வெள்ளிக்கிழமை ஜெனிஃபர் சேர்ந்தாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் செலின் முட்டியைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்: "படிக்கட்டும். ஆனா முடிச்சுட்டு இவ வேலையில்லாம வந்தான்னா, மறுநா காலையில கூடையை மாட்டிக்கிட்டு நீங்கதான் மலையேறணும், ஆமா."

ஆசைக்கும் வேலைக்கும் நடுவில் ஒரு படிப்பைப் பேரம் பேசி வாங்கிவிடலாம்தான், யாருடைய முழங்கால் அதற்கு விலை என்று கடைசிவரை யாரும் சொல்லமாட்டார்கள்.