பலாப்பிசின் வைத்த ஹெல்மெட்

விமானப் படையின் நல்ல ஹெல்மெட் ஒன்றை, கெட்டுப்போனது என்று மாமாவின் வாயாலேயே சொல்ல வைத்தவன் நான். இந்த வயதில் அதை எழுதும்போது வெட்கமும் வருகிறது, சிரிப்பும் வருகிறது. சிரிப்புதான் சற்று அதிகம் என்பதையும் சேர்த்தே ஒப்புக்கொள்கிறேன்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. விமானிகளின் உடைகளையும் ஹெல்மெட்டுகளையும் சோதித்துக் கொடுக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்று, உத்தமபாளையத்துக்குப் பக்கத்திலிருந்த எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். கொஞ்ச நாளில், படை கழித்துவிட்ட ஹெல்மெட்டுகளை ஏலத்தில் எடுத்து லாரியில் கொண்டுவந்து இறக்கினார். குமுளி மலையிலும் போடி மெட்டிலும் மோட்டார் சைக்கிளில் ஏறி இறங்கும் ஏலக்காய்த் தோட்டத்துக்காரர்கள் வாங்குவார்கள் என்று நினைத்தார். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்து ஆண்கள் தலையில் துண்டைத் தவிர வேறெதுவும் ஏறியதில்லை. முற்றத்தில் பரப்பிக் கிடந்ததைப் பார்த்தவர்கள், பூசணி என்ன விலை என்று கேட்டுச் சிரித்துவிட்டுப் போனார்கள்.

மாமா எதையும் சோதிக்காமல் விற்க மாட்டார். புதுப் பெயின்ட் அடித்துப் பளபளவென்று இருப்பதைத்தான் முதலில் சந்தேகப்படுவார். காதருகே பிடித்து விரல் முட்டியால் சுற்றிலும் தட்டுவார். ஓடு நன்றாக இருந்தால் ‘டங்’ என்று சத்தம் ஒரே சீராக வரும். உள்ளே அடுக்கு விட்டுப்போயிருந்தால் அந்த இடத்தில் மட்டும் ‘தொப்’ என்று அமுங்கும். பிறகு உள்மெத்தையைக் கட்டைவிரலால் அழுத்துவார். பள்ளம் எழும்பி வராவிட்டால் அது ஏற்கெனவே அடி வாங்கியது.

“ஒரு அடியத் தாங்கத்தான் இதச் செஞ்சிருக்காக மாப்ள. அந்த அடிய எவனோ வாங்கிட்டுப் போயிட்டான். இனி இது வெறுந் தொப்பி” என்பார்.

தேறாதவை அம்மாவுக்குப் போயின. ஒன்றில் கறிவேப்பிலைக் கன்று வளர்ந்தது. இன்னொன்றில் கோழி அடைகாத்தது. இதைப் பார்த்துத்தான் எனக்கு அந்த யோசனை வந்தது.

குவியலில் ஒரு வெள்ளை ஹெல்மெட் இருந்தது. நடுவில் நீலக் கோடு. கறுப்புக் கண்ணாடி நெற்றியிலிருந்து சர்ரென்று மூக்குவரை இறங்கும். மாமா அதை மட்டும் கடைசியில் பார்க்கலாம் என்று ஒதுக்கி வைத்திருந்தார். ஏன் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. தேறாதது வீட்டுக்கு வரும். ஆகவே அது தேறக் கூடாது. அந்த வயதில் நான் இவ்வளவு தெளிவாக வேறு எதையும் யோசித்ததில்லை.

ஒருநாள் வீட்டில் பலாப்பழம் அரிந்திருந்தார்கள். மதியம் பெரியவர்கள் கண்ணயர்ந்த நேரத்தில், ஹெல்மெட்டின் உள்தோலில் சில தையல்களைப் பிளேடால் பிரித்தேன். பிசினைக் கந்தல் துணியில் உருட்டி, ஓட்டுக்கும் மெத்தைக்கும் நடுவே அப்பினேன். தட்டிப் பார்த்தேன். ‘தொப்.’ அவ்வளவு இனிமையான சத்தத்தை அதற்குமுன் நான் கேட்டதில்லை. தையலை ஏதோ எனக்குத் தெரிந்த மாதிரி இழுத்துக் கட்டிவிட்டு, தேங்காயெண்ணெய் தேய்த்துக் கையைச் சுத்தம் செய்துகொண்டேன்.

சாயங்காலம் வினை வந்தது, எங்கள் மாதா கோயிலில் ஜெபம் சொல்லித்தரும் உபதேசியார் வடிவில். குஞ்சுகள் இறங்கிப்போன ஹெல்மெட்டை என் அம்மாவிடம் கேட்டு வாங்கி, தலையில் மாட்டிக்கொண்டு, யாருடைய மோட்டார் சைக்கிளிலோ தெருவில் வந்தார். காதோரம் வைக்கோல், உச்சியில் ஓர் இறகு. மாமா வழியை மறித்துக் கழற்றச் சொன்னார். உபதேசியாருக்கு ரோஷம் வந்துவிட்டது.

“கோழிக்கு ஆகுறது எனக்கு ஆகாதாக்கும்?”

“கோழி மோட்டார் சைக்கிள் ஓட்டாதுங்கய்யா” என்றார் மாமா.

தெருவே சிரித்தது. மாமா மட்டும் சிரிக்கவில்லை. இனிமேல் தேறாததை யாருக்கும் தருவதில்லை, கோடாலியால் இரண்டாகப் பிளந்துவிடுவேன் என்று அங்கேயே அறிவித்தார். 

மறுநாள் காலையில் அவர் வெள்ளை ஹெல்மெட்டை எடுத்தார். தட்டினார். தொப். இன்னொரு முறை. தொப். உள்ளே விரலை விட்டுத் துழாவினார், விரலை முகர்ந்தார். தையலைக் கண்ணருகே கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார். பிறகு, இது தேறாது என்று சொல்லிவிட்டுக் கோடாலியை எடுத்துவந்தார்.

ஹெல்மெட் கல்லின் மேல் இருந்தது. கோடாலி அவர் தோளில் இருந்தது.

“என்ன மாப்ள, வெட்டிரவா?”

நான் கோடாலியைப் பார்த்தேன்.

“ஏதாச்சும் சொல்லணும்னா இப்பச் சொல்லு.”

உண்மையைச் சொன்னால் ஹெல்மெட் பிழைக்கும், ஆனால் எனக்குக் கிடைக்காது. சொல்லாவிட்டால் யாருக்குமே கிடைக்காது. கோடாலி மேலே போனபோது என் வாய் தானாகத் திறந்தது.

“கோழி பாவம் மாமா. இன்னொன்னு அடைக்கு உக்காந்துருச்சு.”

அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. “எந்தக் கோழிலே? இருந்தத நேத்துத்தானே கொழம்பு வச்சோம்.”

மாமா கோடாலியைக் கீழே போட்டுவிட்டு, கல்லில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பிறகு ஹெல்மெட்டைத் தூக்கிக்கொண்டு போய்க் கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டார். சாயங்காலம் வெளியே வந்து, அதை என் தலையில் கவிழ்த்தார்.

அடுத்த மாதங்களில் நான் நடந்ததாக நினைவில்லை, பறந்தேன். திராட்சைப் பந்தல்களுக்கு அடியில் பறந்தேன், வாய்க்கால் கரையில் பறந்தேன், ஞாயிறு பூசைக்கும் கண்ணாடியை இறக்கிக்கொண்டு பறந்துபோய் அம்மாவிடம் அடி வாங்கினேன். ஹெல்மெட் கழுத்துவரை மூடியதால் அடி உறைக்கவில்லை.

மாமா தேறிய மற்றவற்றையெல்லாம் ஒருவழியாக விற்றுவிட்டார். மழைக்காலம் முழுக்க, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டுதான் குமுளி மலையேறினார். கண் சிவந்து, முகம் விறைத்துத் திரும்பி வருவார். நீலக் கோடு போட்டதை அவர் தனக்கென்று வைத்திருந்தார் என்பதை, நான் கல்லூரிக்குப் போன பிறகுதான் அம்மா பேச்சுவாக்கில் சொன்னார். அதன்பின் மாமா நெடுங்காலம் நன்றாக வாழ்ந்தார். பிசின் வைத்ததை அவரிடம் நான் சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் சொல்ல நினைத்து, கேக்கைத் தின்றுவிட்டு வந்துவிடுவேன்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். ஹெல்மெட் கைக்கு வந்த அன்று சாயங்காலமே, பிசினைச் சுரண்டி எடுத்துவிடலாம் என்று தனியே போய் உள்தோலைப் பார்த்தேன். என் கோணல் தையலைக் காணோம். மிஷினில் அடித்தது போல வெள்ளை நூலில் புதுத்தையல் ஓடியிருந்தது. உள்ளேயிருந்து தேங்காயெண்ணெய் வாசம் வந்தது. தட்டினேன். ‘டங்.’

புனித அந்தோணியார்தான் என்று உடனே முடிவு செய்துவிட்டேன். காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருகிறவருக்கு, இருப்பதைக் காணாமல் போக்குவதா கஷ்டம்? ஒரு மெழுகுதிரியை எடுத்துக்கொண்டு மாமாவிடம் தீப்பெட்டி கேட்டேன். எதற்கு என்றார். அந்தோணியாருக்கு என்றேன்.

எண்ணெய் மினுங்கும் விரல்களால் தீப்பெட்டியை நீட்டினார்.

“நல்லா ஏத்து மாப்ள. நாள் பூரா வேலை பாத்துருப்பாக, பாவம்.”

மாமாவுக்குப் பக்தி வந்துவிட்டது என்று ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன்.