கீவ் ராஜாவும் சங்குமுகத்து ஆறாட்டும்

டி.வி. செய்தியில் கீவ் என்ற ஊர்ப்பெயர் வந்தால் வீட்டில் எல்லோரும் குண்டு விழுந்த கட்டிடங்களைப் பார்க்கிறார்கள். எனக்கு மட்டும் வெள்ளித் தலையும் தங்க மீசையுமாக ஒரு மரச்சாமி ஆற்றில் மல்லாந்து போவது தெரியும். சொன்னால் சிரிப்பார்கள் என்று சொல்வதில்லை.

அந்தச் சாமியை வீட்டுக்குக் கொண்டுவந்தவர் மாமா, அம்மாவின் தம்பி. சாலைக் கடைத்தெருவில் பலசரக்குக் கடையில் வேலை. பொட்டலம் கட்ட வரும் பழைய வெளிநாட்டுப் பத்திரிகைகளில் வழவழப்பான தாளாகப் பார்த்து, என் மூன்றாம் வகுப்புப் புத்தகத்துக்கு அட்டை போடக் கொண்டுவருவார். அந்தத் தடவை வந்த தாளில் ஒரு மலை, ஓர் ஆறு, கிரீடம் வைத்த ராஜா. கீழே இருந்ததை மாமா படித்துச் சொன்னார்.

ஆயிரம் வருஷத்துக்கு முந்தி அந்தக் கீவ் ராஜாவே மலைமேல் நிறுத்திக் கும்பிட்ட சாமியாம். பிறகு அவரே அதைக் குதிரை வாலில் கட்டி இழுத்து, கழியால் அடிக்கச் சொல்லி, ஆற்றில் தள்ளினாராம். கரை ஒதுங்கினால் திருப்பித் தள்ள ஆள் வேறு. ஜனங்கள் அழுதுகொண்டே கரையோடு ஓடி, ‘வெளியே வா சாமி’ என்று கூப்பிட்டார்களாம்.

“எதுக்கு மாமா தள்ளினார்?”

“வேற சாமி கெடச்சுது. பழசு வேண்டாம்னு ஆயிடுத்து.”

“நம்ம ராஜா அப்படிப் பண்ணமாட்டாரே?”

“யாரு கண்டா? ஆறாட்டன்னிக்கு வாளை உருவிண்டு எதுக்கு சமுத்திரத்துக்குப் போறார்னு நெனச்சே?”

“கொழந்தைகிட்ட பேசற பேச்சா இது?” என்றாள் எங்களோடு இருந்த அத்தை, அப்பாவின் அக்கா. மாமா சிரித்தார்.

எங்கள் வீடு இருந்த ஸ்ரீவராகத்திலிருந்து கோட்டை வாசல்வரை போய், கோயில் உற்சவம் முடிந்து பத்மநாபசாமியை ராஜா கடலுக்குக் கூட்டிப்போகும் அந்த ஆறாட்டு ஊர்வலம் புறப்படுவதைப் பார்த்திருக்கிறேன். கடல்வரை போனதில்லை. அங்கே சாமியை என்ன செய்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது.

அந்த வருஷம் ஆறாட்டு சமயத்தில் என் தம்பிப் பாப்பாவுக்கு ஜன்னி கண்டு, அம்மா அவனோடு ஆஸ்பத்திரியில் இருந்தாள். பச்சைக் குழந்தை. “பத்மநாபன் பாத்துப்பான்” என்று விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம் அப்பா சொன்னார். அந்தப் பத்மநாபனை அல்லவா கடலுக்குக் கொண்டுபோகப் போகிறார்கள்? திரும்பி வராவிட்டால் பாப்பாவை யார் பார்த்துக்கொள்வது?

ஆறாட்டு அன்று மத்தியானம் மாமா திடீரென்று வந்தார். அத்தையிடம் ஏதோ மெதுவாகச் சொன்னார். பிறகு என் கையைப் பிடித்து, “வாடி, சங்குமுகம் போலாம்” என்றார். வழி முழுக்க என் கையை விடவே இல்லை.

சூரியன் கடலில் இறங்கிக்கொண்டிருந்தது. ராஜா வெறுங்காலோடு வந்தார். கையில் வாள் சிவப்பாக மின்னியது. மேளம் நின்றது. சாமியைத் தூக்கிக்கொண்டு நம்பூதிரிகள் தண்ணீருக்குள் நடந்தார்கள். ஓர் அலை வந்து மூடியது.

ஒருத்தரும் அழவில்லை. கை கூப்பிக்கொண்டு உதட்டை மட்டும் அசைத்தார்கள். எல்லோருக்கும் சம்மதம் போலிருந்தது.

டீச்சர் கேட்டால்கூட வாய் திறக்காத நான், மாமாவின் கையை உதறிவிட்டு ஈர மணலில் ஓடினேன். “வெளியே வா சாமி! வெளியே வா!” பின்வாங்கும் தண்ணீர் காலடி மணலை உருவிக்கொண்டு போனது. உள்ளேயிருந்து யாரோ இழுப்பது போலிருந்தது.

“மோளே, எங்ஙோட்டா?” என்று ஒரு மலையாளத்து அம்மாள் என் பாவாடையைப் பற்றினாள். அப்போது அலை விலகி, மாலை சொட்டச் சொட்டச் சாமி மேலே வந்தது.

மாமா ஓடிவந்து என்னைத் தூக்கிக்கொண்டார். “சாமி வந்துடுத்து மாமா!” என்று அவர் காதில் கத்தினேன். அவர் கும்பிடவில்லை. கடலுக்கு முதுகைக் காட்டி நின்று, என் முகத்தைத் தன் தோளில் அழுத்திக்கொண்டார். தான் சொன்னது பொய்யாகிவிட்ட வெட்கம் என்று நினைத்தேன்.

வீட்டுக்குப் போனால், அம்மா வந்திருந்தாள்! உள்ளறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அத்தை தூளிப் புடவையை அவிழ்த்து மடித்துக்கொண்டிருந்தாள். நான் கூப்பிட்டது சாமிக்குக் கேட்டுவிட்டது என்ற சந்தோஷத்தில், பாப்பா எங்கே என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

கொல்லையில் கிணற்றடிக் கல்லில் அப்பா தனியாக உட்கார்ந்திருந்தார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. வேஷ்டியும் ஈரம். அப்பாவும் சங்குமுகத்துக்கு வந்து சாமியோடு முழுகியிருக்கிறார், கூட்டத்தில் நான்தான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.