கோட்டைக்குப் போகிற வழியில் ராகி

எண்பதுகளின் பிற்பகுதியில், தருமபுரியில் நான் கணக்கு டீச்சராக இருந்த பள்ளிக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. ஒரே மாதத்தில் எனக்கு அதன்மேல் பைத்தியம் பிடித்துவிட்டது. சாப்பாட்டு நேரத்தில்கூட அதன் முன்னால்தான் உட்கார்ந்திருப்பேன். ஒரு விளையாட்டு எழுதிக்கொண்டிருந்தேன். ஊர், ஏரி, காடு, மலை, மலைமேல் கோட்டை, கோட்டைக்குள் அரக்கன். விளையாடுகிறவர் ஒரு வெள்ளைப் புள்ளியாக நடந்து போய் அரக்கனைப் பிடிக்க வேண்டும்.

அந்த நேரம் பார்த்து ஒரு கடிதம் வந்தது. கல்வித்துறை அதிகாரி ஒருவர் திங்கட்கிழமை வந்து பார்ப்பாராம். கம்ப்யூட்டர் சும்மா கிடந்தால் சேலத்தில் ஒரு பள்ளிக்கு அனுப்பிவிடுவார்களாம். என் விளையாட்டில் கணக்கு இருந்தது, படம் இல்லை. எனக்குக் கோடே நேராக வராது.

ஓவிய ஆசிரியரிடம் ஓடினேன். மாரண்டஹள்ளிக்காரர். கட்டம் போட்ட கிராப் தாள் ஒரு கட்டும் ஒரு துண்டுச் சீட்டும் கொடுத்தேன். சீட்டில் எழுதியிருந்தது: ஊர், ஏரி, பெரிய காடு, கோட்டை. கட்டத்துக்கு ஒரு நிறம், மொத்தம் எட்டே நிறம், மண் நிறம் கிடையாது என்றேன்.

"மண்ணு நெறம் இல்லாம தருமபுரிய எப்படீங்க போடறது?"

"இது தருமபுரி இல்ல சார், மாய உலகம்."

தலையை ஆட்டிவிட்டு வாங்கிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை தாள்களைக் கொண்டுவந்தார். கோட்டை பிரமாதம். சிவப்பையும் மஞ்சளையும் கட்டம் மாற்றிக் கட்டம் வைத்து, தள்ளி நின்று பார்த்தால் செம்மண்ணாகவே தெரியும்படி மலையைப் போட்டிருந்தார். துள்ளிவிட்டேன். அடுத்த தாளைப் புரட்டியதும் துள்ளல் நின்றது. காடு இருக்க வேண்டிய இடத்தில் வரிசை வரிசையாக ராகி. நடுநடுவே வரப்பு. ஓரத்தில் ஒரு மோட்டார் ரூம்.

"அரக்கன் நாட்டுல மோட்டார் ரூம் எதுக்கு சார்? மரமெல்லாம் எங்க?"

"ஓரத்துல ரெண்டு புங்க மரம் போட்டிருக்கறனுங்களே. காடுன்னுதானுங்க டீச்சர் எழுதியிருந்தீங்க."

"காடுன்னா காடு சார். புலி, கரடி இருக்கற காடு."

"அது பாரஸ்டுங்க," என்றார் பொறுமையாக. "காடுன்னா எங்களுக்கு வெள்ளாமை வெக்கிற எடமுங்க."

எங்கள் தஞ்சாவூர்ப் பக்கம் அது வயல். மூன்று வருடமாக, "அப்பா காட்டுக்குப் போயிருக்காருங்க டீச்சர்" என்று பிள்ளைகள் சொல்லிக் கேட்டும் உறைக்காத மண்டை என்னுடையது. ஆனாலும் கோபம் அவர்மேல்தான் வந்தது. புதிதாக வரைய நாளும் இல்லை. முணுமுணுத்துக்கொண்டே அவருடைய கட்டங்களை எண்களாக்கித் தட்டினேன்.

தட்டும்போதுதான் பொறி தட்டியது. என் காட்டில் இருந்தது ஒரே ஒரு ஒற்றையடிப் பாதை. மற்ற இடமெல்லாம் மரம், போக முடியாது. ராகிக்கு எதற்குத் தடை? போட்டிருந்த தடைகளையெல்லாம் அழித்தேன். புள்ளி இடது பக்கம் போனது, மோட்டார் ரூமைச் சுற்றியது, கோட்டையின் பின்பக்கமாகப் போய் நின்றது. எந்தத் திசையில் வேண்டுமானாலும் போகலாம்! எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஓடிப்போய் ஓவிய ஆசிரியரை இழுத்துவந்து காட்டினேன். சண்டை போட்டதை நான் மறந்துவிட்டேன். அவர் மறந்ததாகத் தெரியவில்லை.

திங்கட்கிழமை அதிகாரி வந்தார். பொம்மிடிப் பக்கம், விவசாயக் குடும்பம் என்று அவரே சொன்னார். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்துக் கோட்டையைக் காட்டி, "குறுக்கால போனா சீக்கிரம் சார்" என்றேன். புள்ளி ராகி ஓரம்வரை வந்து நின்றது.

"இதுக்குள்ளாறயா?"

"எங்க வேணா நடக்கலாம் சார்."

"கதிர் முத்தி நிக்குதுங்க டீச்சர். மிதிச்சுக்கிட்டா போறது?"

புள்ளியை வரப்பு மேலேயே நடத்தினார். ஒவ்வொரு வரப்பாகத் திரும்பி, வழி தப்பி, மோட்டார் ரூமுக்கே வந்து, மறுபடி கிளம்பினார். மணி அடித்தது. அரக்கன் இருக்கிற பக்கமே போகவில்லை. நானோ அரக்கனுக்குத்தான் ராப்பகலாக உழைத்திருந்தேன். போச்சு, கம்ப்யூட்டர் சேலத்துக்குத்தான் என்று எனக்கு அழுகையே வந்தது. பக்கத்தில் நின்ற ஓவிய ஆசிரியருக்கோ முகமெல்லாம் சிரிப்பு.

அதிகாரி எழுந்தார்.

"மெஷின் இங்கயே இருக்கட்டுங்க," என்றார். "அறுப்பு முடியட்டும். அப்பறம் வந்து குறுக்கால போறேன்."

அவருடைய ஜீப் கிளம்புவதற்குள், அறுத்து முடித்த காட்டை வரைய ஓவிய ஆசிரியர் கிராப் தாள் கேட்டு என்னிடம் கையை நீட்டினார்.