மைக் அக்காவின் நூற்றெண்பது

செய்தி வந்தது மாலை நான்கு பத்துக்கு. ஆனால் எதிரே இருக்கும் மருந்துக் கடைக்காரர் மூன்றே முக்காலிலிருந்து கதவைத் தட்டிக்கொண்டிருந்தாராம். உள்ளே தங்கை கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஒரு பாடப்புத்தகத்தின் அச்சுப்பிழைகளைத் திருத்திக்கொண்டிருந்தாள். ஒன்பது வயதில் வந்த காய்ச்சலில் காது போனவள். கடைசியில் அவர் சந்து வழியாகச் சுற்றி வந்து, ஜன்னலுக்கு வெளியே நின்று, மாத்திரை உறையின் மேல் எழுதிக் காட்டினார்: "அக்கா பஸ்ல மயங்கி விழுந்துட்டாங்க. ஆஸ்பத்திரிக்கு வாங்க." எழுதிய பிறகும் பேனாவை மூடாமல் தலை குனிந்துகொண்டார். எழுதாமல் விட்டது அவளுக்குப் புரிந்துவிட்டது.

அவளுடைய இடது மணிக்கட்டில் அக்கா தைத்துக் கொடுத்த நீலத் துணிப்பட்டை இருந்தது. யாராவது கூப்பிட்டால் சிவப்பாக எரிய வேண்டிய பட்டை. அது எரியவே இல்லை.

அக்கா ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருடம் இருந்தவள். நாற்பது மெஷின்களின் இரைச்சலுக்கு மேலே குரல் கொடுத்துப் பழகியதால் அங்கே அவளுக்கு 'மைக்' என்று பெயர். வேலையை விட்டு வீட்டு முன்னறையில் தையல் மெஷின் போட்ட பிறகும் அந்தப் பெயர் அவளை விடவில்லை. "எனக்கு இவ்வளவு பெரிய தொண்டையக் கொடுத்து, காது கேக்காத உனக்கு அக்காவா அனுப்பியிருக்கான் பாரு. சுத்த வேஸ்ட்டு" என்று தங்கையின் முகத்துக்கு நேராக வாயசைத்துச் சிரிப்பாள்.

துணியில் தைக்கிற சின்னக் கம்ப்யூட்டருக்கு நூலகத்தில் சனிக்கிழமை வகுப்பு என்று தெரிந்ததும் ஐம்பத்திரண்டு வயதில் போய்ச் சேர்ந்தாள். மற்றவர்களெல்லாம் பத்து வயதுப் பிள்ளைகள். பிஸ்கட் அளவில் வட்டமான பலகை. ஓரமெல்லாம் நூல் கோக்கத் துளைகள். ஒருநாள் தங்கையும் கூடப் போயிருந்தாள்.

"எதுவும் எழுத வேண்டாம்மா. திரையில இருக்கிற இந்தக் கட்டங்களை இழுத்து, ஒண்ணோட ஒண்ணு பொருத்துனா போதும்" என்றார் நூலகர்.

"கழுத்தும் காலரும் மாதிரி. பொருந்தலைன்னா அது வேற சட்டையோடது." அக்கா 'எப்போதும்' என்று எழுதியிருந்த பெரிய கட்டத்தைப் பார்த்தாள். மற்ற கட்டங்களை உள்ளே வாங்கிக்கொள்ள அது வாயைத் திறந்தபடி இருந்தது. "இது யாருடி? என்னை மாதிரியே வாய மூடாம இருக்கு" என்று தங்கையைப் பார்த்துக் கேட்டாள்.

பலகையிலிருந்து விளக்குக்கு, மின்சாரம் கடத்தும் சாம்பல் நூலில் இரண்டு வரி தைக்க வேண்டும், ஒன்றையொன்று தொடக்கூடாது என்றார் நூலகர். "மாமியார் மருமகன்னு சொல்லுங்க, புரிஞ்சுபோச்சு" என்றாள் அக்கா. பிள்ளைகளுக்குப் புரியவில்லை; நூலகர் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

பலகை சத்தத்தை அளக்கும். எவ்வளவு சத்தத்துக்கு மேல் விளக்கு எரிய வேண்டும் என்று ஒரு கட்டத்தில் எண் போட வேண்டும். முதலில் நூறு போட்டாள். தையல் மெஷினை மிதித்தாலே பட்டை எரிந்தது. எண்ணை ஏற்றிக்கொண்டே போய், ஒவ்வொரு முறையும் சமையலறையிலிருந்து தங்கையைக் கூப்பிட்டுப் பார்த்தாள். நூற்றெண்பதில் மெஷின் அடங்கியது, அக்காவுக்கு மட்டும் எரிந்தது. "அவ்வளவுதான். வேலை முடிஞ்சுது" என்று கையைத் தட்டினாள். வேறு யாரையும் தட்டச் சொல்லவோ கூப்பிடச் சொல்லவோ அவளுக்குத் தோன்றவில்லை. அந்த வீட்டில் தங்கையைக் கூப்பிட வேறு யார் இருந்தார்கள்?

தங்கைக்கு அந்த எண் வேறுவிதத்தில் பெரிதாக இருந்தது. ஒன்பது வயதுக்குப் பிறகு அக்காவின் குரல் எவ்வளவு என்று அவளுக்குத் தெரிந்தது அன்றைக்குத்தான்.

ஆஸ்பத்திரிச் சீட்டில் இறந்த நேரம் மூன்று இருபது. கதவைத் தட்டியது மூன்று நாற்பத்தைந்து. உடனே திறந்திருந்தாலும் அக்கா இருந்திருக்க மாட்டாள். இந்தக் கழித்தலைத் தங்கை பலமுறை போட்டுப் பார்த்துவிட்டாள், விடை மாறவில்லை.

பதினாறாம் நாள், தனியே குடும்பத்தோடு இருக்கும் அண்ணன் வந்து முன்னறையில் உட்கார்ந்து, மெதுவாக வாயசைத்துச் சொன்னார்: "எங்களோட வந்துடும்மா. யாராவது கதவை உடைச்சாக்கூட உனக்குத் தெரியாது."

"தெரியும்ணா. எண்ணைக் குறைக்கணும், அவ்வளவுதான்."

"என்ன எண்ணு?"

அவள் பட்டையைக் காட்டி விவரம் சொன்னாள். அண்ணன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சரி. ஞாயித்துக்கிழமை வர்றேன். தட்டுறேன். நீயா வந்து திறந்தா, நான் இதைப் பத்திப் பேசல" என்றார்.

வெள்ளிக்கிழமை மருந்துக் கடைக்காரரை வெளியே நின்று தட்டச் சொன்னாள். அவர் வழக்கம்போலத் தட்டினார். அந்தச் சத்தம் திரையில் தொண்ணூற்று நான்கு என்று வந்தது. தையல் மெஷின் இப்போது ஓடுவதில்லை, இடைஞ்சல் ஒன்றுமில்லை. கட்டத்தில் நூற்றெண்பதை அழித்து, தொண்ணூறு என்று போட்டாள்.

திரையில் மாற்றினால் மட்டும் போதாது. கேபிள் வழியாகப் பலகைக்கு ஏற்ற வேண்டும். ஏற்றியதும் பழைய எண் போய்விடும். அரை நிமிட வேலை.

இன்று சனிக்கிழமை. திரையில் தொண்ணூறு இருக்கிறது. பட்டையில் இன்னும் நூற்றெண்பதுதான்.